சும்மா வீட்டில் இருந்தவருக்கு வந்த இடுப்பு வலி

என் நோட்டில் அந்தக் கர்ப்பிணிக்கான பக்கத்தின் முதல் வரியில் 'தொழில்: இல்லத்தரசி' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அந்த ஒரு சொல்லால் மூன்று வாரம் வீணாய்ப் போனது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அவரிடம் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

திருநெல்வேலி டவுனில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். ஆவணி மாதத்தில் ஒரு நாள் முக்கூடல் பக்கத்து ஊரிலிருந்து கொழுந்தனோடு பைக்கில் வந்து இறங்கினார். வயது 26. இரண்டாவது கர்ப்பம், 26ஆவது வாரம். மூத்த பையனுக்கு இரண்டரை வயது. கணவர் கேரளத்தில் கட்டட வேலை பார்க்கிறார், மாதம் இரண்டு தடவை வந்து போவார். பைக்கிலிருந்து இறங்கிய விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்தது. ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தவர் இரண்டு காலையும் தரையில் ஊன்றி, சீட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு சின்னச் சின்ன எட்டு வைத்து, வாத்து மாதிரி அசைந்து உள்ளே வந்தார்.

"எக்கா, ராத்திரி புரண்டு படுக்கதுக்குள்ள உசுரு போயிருதுக்கா" என்பதுதான் முதல் பேச்சு.

எங்கே வலி என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'குறுக்கு' என்றுதான் பதில் வரும். குறுக்கு வலி என்று சொல்லி வருகிறவர்களிடம் விரலால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். இவர் இரண்டு இடத்தைக் காட்டினார். ஒன்று, பின்னால் இடது புட்டத்துக்கு மேலே குழி விழுகிற இடம். இன்னொன்றைச் சொல்ல வெட்கப்பட்டு, கொழுந்தன் வெளியே போன பிறகு, அடிவயிற்றுக்குக் கீழே நடு எலும்பில் கை வைத்தார். உடை மாற்ற ஒற்றைக் காலில் நின்றால் அங்கே சுளீர் என்று வலி. படி ஏறினால் வலி. குத்தவைத்து எழுந்திருக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். வலி தொடையின் பின்பக்கம் பாதி வரை இறங்கும், முட்டிக்குக் கீழே போகாது. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டேன். புரண்டு படுக்கும்போது 8, படியில் 7, உட்கார்ந்திருந்தால் 3 என்றார். அந்த மூன்றை நான் கண்டுகொள்ளவில்லை. உட்கார்ந்தால் நல்லாயிருக்கிறது, சரி என்று எழுதிக்கொண்டேன்.

மூத்தவன் வயிற்றில் இருந்தபோதும் கடைசி இரண்டு மாதம் இந்த வலி லேசாக இருந்ததாம். இது முக்கியமான தகவல். முந்தைய கர்ப்பத்தில் இந்த வலி வந்தவர்களுக்கு அடுத்ததில் வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் முன்னதாகவே வந்துவிடும்.

பையைத் திறந்து மூன்று பொருளை எடுத்து மேசையில் வைத்தார். மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை ஒரு அட்டை, அதில் இரண்டு காலி. வயிற்றைத் தூக்கிப் பிடிக்கிற அகலமான பெல்ட் ஒன்று. பக்கத்து வீட்டு அக்கா போனில் அனுப்பிய 'சுகப்பிரசவப் பயிற்சி' வீடியோ ஒன்று.

மாத்திரை டைக்ளோஃபினாக். அதை அன்றைக்கே அவருடைய மகப்பேறு மருத்துவரிடம் போனில் சொல்லி நிறுத்தினோம். இந்த வகை மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். ஏழாம் மாதத்துக்கு மேல் குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக் குழாய் முன்கூட்டியே சுருங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. தேவைப்பட்டால் பாராசிட்டமால் எழுதித் தருவதாக மருத்துவர் சொன்னார். 'கர்ப்பமா இருக்கேன்' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்குவது இங்கே சாதாரணமாக நடக்கிறது. கடைக்குப் போனது கொழுந்தன். அவன் எப்படிச் சொல்லுவான்?

வீடியோவில் இருந்தது பட்டாம்பூச்சிப் பயிற்சி. உள்ளங்கால்களைச் சேர்த்து, முட்டிகளை அகட்டி, மேலும் கீழும் அடிப்பது. இது போதாதென்று வீட்டில் குத்தவைத்துத் தரை துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை லேசாகப் பிறக்குமாம். வலி இல்லாத கர்ப்பிணி இரண்டையும் செய்துவிட்டுப் போகட்டும். முன்பக்க எலும்பு மூட்டு வலிக்கிறவருக்கு, வலிக்கிற மூட்டையே தினமும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்த கதைதான் அது.

பரிசோதித்தது

மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டியபடியே ஒவ்வொன்றாக ஒரு சாண் உயரம் தூக்கச் சொன்னேன். எவ்வளவு கஷ்டம் என்பதற்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண். இடது கால் 3, வலது 2, மொத்தம் 5. இடது காலைத் தூக்கும்போது இடுப்பே ஒரு பக்கம் திரும்பியது. பிறகு என் இரண்டு உள்ளங்கையாலும் இடுப்பெலும்பை இரு பக்கமிருந்தும் உள்நோக்கி அமுக்கிப் பிடித்துக்கொண்டு, மறுபடி தூக்கச் சொன்னேன். கால் சட்டென்று மேலே வந்தது. அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இப்பம் லேசா இருக்கே! என்னக்கா செஞ்சீங்க?"

ஒன்றும் செய்யவில்லை, மூட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பிடிமானம் கொடுத்தேன், அவ்வளவுதான். கால் தசையில் பலமில்லாமல் இல்லை, பாரம் இடுப்பு வளையத்தில் சரியாகக் கடந்து போகவில்லை என்பதை இந்தச் சோதனை நோயாளிக்கே காட்டிவிடுகிறது. ஆயிரம் விளக்கம் சொல்வதைவிட இது மேல்.

இடது தொடையை மடக்கி, முட்டி வழியாகக் கீழ்நோக்கி மெதுவாக அழுத்தியபோது புட்டத்தில் அதே வலி வந்தது. முன் எலும்பைத் தொட்டு விரலை எடுத்தபின்னும் வலி ஐந்து நொடிக்கு மேல் நின்றது. நரம்புச் சோதனைகள் எல்லாம் சரி. மரத்துப்போதல் இல்லை, சிறுநீர் போவதில் தடையில்லை. காய்ச்சல், ரத்தப்போக்கு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வயிறு இறுகுதல் எதுவும் இல்லை. குழந்தை நன்றாக அசைகிறது. சிறுநீர்த் தொற்றும் இதே இடத்தில் வலிக்கும் என்பதால் அந்தச் சோதனையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துவரச் சொன்னேன். அதில் ஒன்றுமில்லை. இடுப்புப் பந்துக் கிண்ண மூட்டை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தேன். கடைசி மூன்று மாதத்தில் அபூர்வமாக அந்த மூட்டின் எலும்பே தற்காலிகமாக நலிந்துபோவது உண்டு. காலை ஊன்றவே முடியாத தொடை இடுக்கு வலி வந்தால் அதை நினைக்க வேண்டும். இவருக்கு அப்படியில்லை. எக்ஸ்ரே தேவைப்படவில்லை.

ஆக, இடுப்பு வளைய வலி. முன்னால் ஒரு மூட்டு, பின்னால் இரண்டு மூட்டு, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வளையம். ஐந்து கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஒருவருக்கு இது வருகிறது. முன் மூட்டின் இடைவெளி சாதாரணமாக 4 முதல் 5 மில்லிமீட்டர். கர்ப்பத்தில் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. மூட்டுகளைத் தளர்த்துகிற ரிலாக்ஸின் என்ற ஹார்மோன்மேல் எல்லாப் பழியையும் போடுவது வழக்கம். ஆனால் அது உச்சத்தில் இருப்பது முதல் மூன்று மாதம், வலி உச்சத்துக்குப் போவது அதற்கு வெகு பின்னால். ரத்தத்தில் அதன் அளவுக்கும் வலிக்கும் நேர்க்கணக்கும் இல்லை. மூட்டு தளர்வது எல்லாருக்கும்தான். தளர்ந்த மூட்டில் பாரம் கோணலாக விழுகிறவர்களுக்குத்தான் வலி மிஞ்சுகிறது என்பது என் அனுபவம். கால்சியம் குறைச்சல், எலும்புத் தேய்மானம், 'தலை இறங்கிருச்சு' என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் அவர் நம்பிப் பயந்திருந்தார். குழந்தைக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை என்று சொன்னதும்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

முதல் மூன்று வாரம்

புத்தகப்படி எல்லாம் செய்தேன். வயிற்றைத் தூக்கும் பெல்ட்டைக் கழற்றிவைத்துவிட்டு, வயிற்றுக்குக் கீழே, தொடையெலும்பு துருத்துகிற உயரத்தில் சுற்றுகிற ஒடுக்கமான இடுப்பு பெல்ட்டைக் கொடுத்தேன். நடக்கும்போது மட்டும் போட வேண்டும், படுக்கும்போது கழற்ற வேண்டும். இரண்டே நாளில் வியர்க்குரு வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஈரிழைத் துண்டை நாலாக மடித்துப் பாவாடைக்கு மேல் அதே உயரத்தில் இறுக்கி முடிந்துகொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது.

புரண்டு படுக்க இரண்டு முட்டியையும் ஒட்டி, நடுவில் தலையணை வைத்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். உடையை உட்கார்ந்து மாற்ற வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால், படிக்கொரு தடவை இரண்டு காலும் சேர வேண்டும். பயிற்சியாக, முட்டிகளுக்கு நடுவே தலையணையை ஐந்து எண்ணும்வரை அமுக்குவது, புட்டத்தை இறுக்கி விடுவது, அடிவயிற்றை மெதுவாக உள்ளே இழுத்துப் பிடிப்பது, சிறுநீரை அடக்குவது போல் இடுப்புத்தளத்தைச் சுருக்குவது. பத்துப் பத்தாக, நாளைக்கு மூன்று தடவை.

இரண்டு வாரம் கழித்து வந்தபோது ராத்திரி வலி 8இலிருந்து 7. அவ்வளவுதான். பயிற்சியைச் செய்கிறாரா என்று சந்தேகப்பட்டேன். செய்துகாட்டினார், பிசகில்லை. "வீட்ல என்ன வேலை பார்க்கீங்க?" என்று மறுபடியும் கேட்டேன். "சும்மாதாங்க்கா இருக்கேன். சோறு பொங்குவேன், பிள்ளையப் பார்ப்பேன்." அப்புறம் ஒரு வாரம் இன்னும் இரண்டு பயிற்சியைக் கூட்டிக் கொடுத்தேன். வலி கூடியதுதான் மிச்சம். இனி பைக்கில் ஒரு பக்கமாக முறுக்கி உட்கார்ந்து வர வேண்டாம், நானே வருகிறேன் என்றேன். நல்லெண்ணம் ஒரு காரணம். என்ன நடக்கிறதென்று எனக்குப் புரியாததும் ஒரு காரணம்.

சுளகு

29ஆவது வாரம். காலை பதினொரு மணி. உள்ளே போனதும் புகையிலைத் தூள் நெடி மூக்கில் ஏறியது. முன் அறையில் சுவரில் சாய்ந்தபடி மாமியாரும் மருமகளும் பக்கத்தில் பக்கத்தில், இருவர் மடியிலும் சுளகு, அதாவது முறம். சுளகில் வெட்டிய இலை, ஒரு ஓரம் தூள், நூல் கண்டு. என்னைப் பார்த்தபடியே அவர் கை ஒரு பீடியைச் சுற்றி, நூலைக் கட்டி, நுனியை மடக்கிப் போட்டது. கண் அதைப் பார்க்கவே இல்லை.

ஒரு நாளைக்கு அறுநூறு, எழுநூறு. ஆறேழு மணி நேரம். இதுதான் 'சும்மா இருப்பது'.

இதை நான் ஊகித்திருக்க வேண்டும். முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று இந்தப் பக்கம் பீடிச் சுளகு இல்லாத தெரு குறைவு. பீடி சுற்றுகிற பெண்கள் அதை வேலை என்று சொல்வதே இல்லை. வேலைக்குப் போவது என்றால் வாசலைத் தாண்டிப் போவது. நானும் இதே ஊர்க்காரிதான், என் பெரியம்மையும் சுற்றியவர்தான். இருந்தும் 'இல்லத்தரசி' என்று எழுதினேன்.

அவர் உட்கார்ந்திருந்த விதத்தைச் சொல்ல வேண்டும். வலது கால் நேராக நீட்டியிருந்தது. இடது கால் மடங்கி, முட்டி வெளியே சாய்ந்து, பாதம் வலது தொடையை ஒட்டி இருந்தது. வயிறு பெரிதாகிவிட்டதால் சுளகு நடுவில் நிற்காமல் இடது தொடைப் பக்கம் சரிந்திருந்தது. அதற்கு ஈடாக உடம்பு வலது பக்கம் சாய்ந்திருந்தது. எப்போதும் இதே கால்தானா என்றேன். யோசித்துவிட்டு "ஆமா, மத்த கால் மடக்கினா கை ஓடாது" என்றார். பட்டாம்பூச்சிப் பயிற்சியை நிறுத்தச் சொன்னேனே, அதில் பாதியை ஒரே காலில் ஆறு மணி நேரம் செய்துகொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் உட்கார்ந்திருக்கும்போது வலி 3. உடம்பு மெதுவாகச் சூடேறி, எழுந்திருக்கும்போதும் ராத்திரியிலும் மொத்தமாக வசூலித்திருக்கிறது.

அதற்குள் பையன் அழுதான். இடது கையை மட்டும் ஊன்றி, இடது காலாலேயே உந்தி எழுந்து, அவனைத் தூக்கி இடது ஒக்கலில் வைத்தார். சாயங்காலம் பீடிக் கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோவதும் அதே ஒக்கலில். தண்ணிக் குடமும் அதில்தான். எல்லாப் பாரமும் ஒரே மூட்டில்.

மாமியார் அதுவரை ஒன்றும் பேசவில்லை. "நாங்கள்லாம் நெல்லு குத்திப் பிள்ளை பெத்தவங்க" என்று ஆரம்பிப்பார் என்று எதிர்பார்த்தேன், அப்படியே ஆரம்பித்தார். நான் பதில் சொல்லாமல் மருமகளைப் படுக்கவைத்து, காலைத் தூக்கச் சொல்லி, அவர் கையையே பிடித்து மருமகளின் இடுப்பில் வைத்து அமுக்கச் சொன்னேன். கால் லேசாக மேலே வந்தது. கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு சொன்னார்: "எனக்கு மூணாவதுக்கு ஆறு மாசம் இப்படித்தான் கவட்டை அகட்ட முடியாமக் கெடந்தேன். சோம்பேறின்னு பேரு வாங்குனேன். இதுக்குப் பேரெல்லாம் இருக்கா?"

மறுநாளிலிருந்து குடமும் பையனும் அவர் பொறுப்பாகிவிட்டன. என் எல்லாப் பயிற்சியையும்விட இது பெரிய சிகிச்சை.

என்ன மாற்றினோம்

புகையிலைத் தூளை மூச்சில் இழுப்பதும் கையால் அளைவதும் கர்ப்பத்துக்கு நல்லதல்ல. தோல் வழியாகவும் நிகோட்டின் உடம்பில் ஏறும். அதனால் பீடியையே விட்டுவிடச் சொல்லத்தான் எனக்கு ஆசை. வாரக் கூலியை வைத்துத்தான் சீட்டுப் பணம் கட்டுகிறார்கள். விடச் சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு, நான் போனதும் சுற்றுவார். அதனால் பாதியில் ஒத்துக்கொண்டோம். தூள் கலப்பதும் இலைக்கட்டுத் தூக்குவதும் மாமியார். மருமகள் இலை வெட்டுவார், கொஞ்சம் சுற்றுவார். ஜன்னல் பக்கம் இடம், வேலை முடிந்ததும் கை கழுவி உடை மாற்றுவது.

உட்காருவதற்குக் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எழுதுகிற மாதிரி ஒரு குட்டி மேசை, அதன்மேல் சுளகு. முதல் நாள் முந்நூறுதான் ஓடியது, எரிச்சலில் நாற்காலியை எட்டி உதைத்தாராம். மடியின் சாய்வு இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடித்து, சுளகின் ஒரு பக்கத்துக்கு அடியில் மடித்த சாக்கைச் செருகினது அவரே. பத்து நாளில் நானூற்றைம்பதுக்கு வந்தது. நூறு பீடிக்கு ஒரு தடவை எழுந்து வாசல் வரை நடை. பயிற்சிக்குத் தனி நேரம் வைக்காமல் குக்கர் விசிலோடு முடிச்சுப் போட்டோம். கக்கூஸுக்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினார்கள். பாயிலிருந்து மரக்கட்டிலுக்கு மாறினார். வீட்டில் இருந்த கயிற்றுக் கட்டில் நடுவில் குழிந்து போயிருந்தது, அது வேண்டாம் என்றேன்.

31ஆவது வாரம் ராத்திரி வலி 4. 33இல் 3. கால் தூக்கும் சோதனையில் மொத்தம் 2.

34ஆவது வாரம் ஐப்பசி மழை. முற்றத்துப் பாசியில் ஒரு கால் வழுக்கி, விழாமல் சமாளித்துவிட்டார், ஆனால் கால் அகண்டுவிட்டது. வலி மறுபடி 7. வயிற்றில் அடி இல்லை என்றாலும் மருத்துவரிடம் காட்டி, குழந்தை நன்றாயிருக்கிறதென்று தெரிந்துகொண்ட பிறகே என் வேலையைத் தொடங்கினேன். ஐந்து நாள் கைத்தடி, வீட்டுக்குள் மட்டும் நடை, பீடி முழு லீவு. கணவர் வந்து முற்றத்தில் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டுப் போனார். இரண்டு வாரத்தில் 4க்கு இறங்கியது.

பிரசவம்

இந்த வலிக்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை. அவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார், "அறுத்தே எடுத்துட்டா வலிக்காதுல்லா?" அறுவையிலிருந்து எழுந்து நடப்பது இந்த இடுப்புக்கு இன்னொரு சுமை என்று சொன்னேன். 37ஆவது வாரம் மல்லாக்கப் படுத்து முட்டியை மடக்கி, வலியில்லாமல் எவ்வளவு அகட்ட முடிகிறது என்று தையல் டேப்பால் இரண்டு முட்டிக்கும் நடுவே அளந்தேன். 38 செ.மீ. அதைச் சிவப்பு மையில் ஒரு தாளில் எழுதித் தாய்-சேய் அட்டையோடு பின் அடித்தேன்: இந்த அளவுக்கு மேல் காலை அகட்ட வேண்டாம், முடிந்தவரை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும், காலைத் தாங்கியில் தூக்கியே ஆக வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கி ஒரே நேரத்தில் இறக்குங்கள். முதுகில் மரப்பு ஊசி போட்டிருந்தால் வலி தெரியாமலே அளவு மீறிவிடும், அப்போதுதான் இந்த எண் அதிகம் உதவும்.

39ஆவது வாரம், அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம். பெண் குழந்தை, 2.9 கிலோ. பிறப்புத் துணையாக உள்ளே போனது மாமியார். செவிலியர் தாளைப் படித்துவிட்டு ஒருக்களித்தே படுக்கவிட்டிருக்கிறார். தையல் போடும் நேரத்தில் ஒருவர் இடது காலை மட்டும் தூக்கப் போக, "ரெண்டையும் சேத்துத் தூக்குங்கம்மா, ஒத்தக் கால் ஆகாது" என்று மாமியார் கத்தியிருக்கிறார். போனில் எனக்கு இதைத்தான் முதலில் சொன்னார், பேத்தி பிறந்ததை அப்புறம்தான்.

ஆறாவது வாரம் கால் தூக்கும் சோதனையில் மொத்தம் 1. முன் எலும்பில் தொட்டால் லேசான வலி. பிரசவம் முடிந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு இது போய்விடும். சிலருக்கு மட்டும் இழுக்கும், அவர்களை விட்டுவிடாமல் பார்க்க வேண்டும் என்பதால் மூன்றாம் மாதமும் போனேன்.

நாற்காலியில் துணி குவிந்து கிடந்தது. அவர் பழையபடி தரையில், சுவரில் சாய்ந்து, மடியில் சுளகோடு. எனக்குச் சுருக்கென்றது. கிட்டே போய்ப் பார்த்தேன். இடது கால் நீட்டியிருந்தது, வலது கால் மடங்கியிருந்தது.

"என்னம்மா, கால் மாறியிருக்கு?"

சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பதினோரு மணிக் காலுக்கா."